பாம்பனிலிருந்து ஒரு நேயர்

சென்னையில் ஒரு இசைத் தொலைக்காட்சிக்கும், பிறகு ஒரு பண்பலை வானொலிக்கும் நிகழ்ச்சித் தலைவராக இருந்தவள் என்றுதான் மேடைகளில் என்னை அறிமுகம் செய்வார்கள். பாட்டுக்கென்றே தனிச் சேனல் நடத்திய முதல் ஆட்களில் ஒருத்தி என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சேனல் சென்னையில் தொடங்கவில்லை. ராமநாதபுரம் கடைவீதியில், ஒரு வீடியோ கேசட் கடையின் மாடியில், மின்விசிறியை நிறுத்தினால்தான் மைக்கில் பேச முடியும் என்கிற ஓர் அறையில் தொடங்கியது.

என் சொந்த ஊர் அங்கிருந்து சாயல்குடி போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்து போக வேண்டிய ஊர். மழை பெய்தால் மிளகாயும் கம்பும். பெய்யாவிட்டால் கருவேல முள் வெட்டிக் கரி மூட்டம் போடுவார்கள். எழுபத்து நாலில் எங்கள் அய்யா ஒரு ரேடியோ வாங்கி வந்தார். சென்னை நிலையம் அதில் ஒரே இரைச்சல். கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலியோ அடுத்த வீட்டில் பேசுவது மாதிரித் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்கு முன்னால், விரும்பிக் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். எனக்குப் பாட்டைவிட அந்தப் பெயர்கள் பிடித்திருந்தன. முகம் தெரியாத ஒருவர் இன்னொருவரை நினைத்துக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

படித்து முடித்து மதுரையில் அரசு வானொலியில் அறிவிப்பாளரானேன். பிறகு நிகழ்ச்சிகள் தயாரித்தேன். நேயர்கள் தொலைபேசியில் நேரடியாகப் பேசிப் பாட்டுக் கேட்கட்டும் என்று ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி நல்ல மனிதர். "ஏம்மா, லைன்ல வர்ற ஆள் என்ன பேசுவார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப எப்படி விடுறது?" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கணவருக்கு ராமநாதபுரத்தில் கல்லூரி வேலை கிடைத்தபோது நான் வானொலியை விட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் அதில் சம்மதமில்லை. அரசாங்க வேலையை விட்டவளை எங்கள் பக்கம் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கேசட் கடையை நடத்திய பாய் எனக்கு அறிமுகமானது அப்போதுதான். பெரியபட்டினத்துக்காரர், என்னைவிடச் சின்னவர். சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து கேபிள் தொழில் செய்துகொண்டிருந்தார். நகரம் முழுக்கவும், சாயல்குடி சாலையில் எங்கள் ஊரைத் தாண்டியும் அவருடைய ஒயர் போயிருந்தது. படம் போடுகிற சேனல் ஒன்றை எனக்குத் தாருங்கள், மாலையில் பாட்டு மட்டும் போடுகிறேன், ஜனங்கள் போன் செய்து கேட்கட்டும் என்றேன். "சரிக்கா, போட்டுப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஒரு கேமரா, கேசட் ஓட்ட இரண்டு கருவிகள், ஒரு மிக்ஸர், ஒரு தொலைபேசி. கேமரா முன்னால் சிரித்துப் பேச உள்ளூர்க் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். மிக்ஸரில் என் இடது கைக்குக் கீழே தொலைபேசிக் குரலுக்கான விசை, வலது கைக்குக் கீழே பாட்டுக்கான விசை. காதில் ஹெட்போன். கொஞ்ச நாளில் மாலை ஐந்து மணி ஆனால் ராமநாதபுரத்தில் தெருவில் ஆள் குறைந்துவிடும் என்று கடைக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. மாமியார் மருமகளுக்குப் பாட்டுக் கேட்டாள். பரீட்சையில் தோற்றவனுக்கு அவன் கூட்டாளிகள் கேட்டார்கள். வீட்டில் டிவி இல்லாதவர்கள் டீக்கடையில் நின்று பார்த்தார்கள்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு வாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் போய்விட்டாள். எங்கள் ஆட்கள்தான், கொடுத்து வாங்குகிற முறை உள்ளவர்கள். காடு கரை உள்ள குடும்பம். அவள் போனது அதே ஊரின் கீழத்தெருப் பையனோடு. அவர்கள் காட்டில் காலங்காலமாகக் கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை அவன். அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் நின்றார்கள். என் அண்ணனும் அவர்களோடு நின்றார். கடைவீதியில் மோட்டார் சைக்கிள்கள் மெதுவாகப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தன. கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பையனின் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் அந்த அழைப்பு வந்தது.

"வணக்கம்! யார் பேசுறீங்க?" என்றாள் எங்கள் தொகுப்பாளப் பெண், வழக்கமான சிரிப்போடு.

"பேர் வேணாம்க்கா. எங்க அய்யாவுக்கு ஒரு பாட்டுப் போடணும்."

"அப்பாவுக்கா? அப்பா செல்லமா நீங்க? எந்த ஊரிலேருந்து பேசுறீங்க?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் தொகுப்பாளரை விட்டுவிட்டது.

"அய்யா, பாத்துக்கிட்டு இருக்கீகளா? நான் நல்லா இருக்கேன். உசுரோட இருக்கேன். அம்மாவ அடிக்காதீகன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க. அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

தொகுப்பாளப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கேமராவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினேன். நகரத்திலும் எங்கள் ஊர்ப் பக்கமும் டிவி முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் குரல் யாருடையது என்று அந்த நொடியில் தெரிந்திருக்கும். அவள் பேசட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டால் அதுவே அவளுக்கு ஒரு பாதுகாப்பு என்று தோன்றியது.

அப்போது ஹெட்போனில் வேறொரு சத்தம் கேட்டது. அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில்.

ரயில். தரையில் ஓடுகிற ரயில் இல்லை. தரையில் ஓடினால் சத்தம் மண்ணில் அமுங்கும். இது அமுங்காமல், அடியில் வெறும் காற்றும் தண்ணீரும் இருப்பதால் விரிந்து, மெதுவாக, ஒரே சீராக வந்தது. வானொலியில் இருந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்காகப் பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் பகல் முழுக்க நின்று நான் பதிவு செய்த சத்தம். ராமேஸ்வரத்திலிருந்து மாலை ரயில் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பாம்பனில், ஏதோ ஒரு எஸ்டிடி பூத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்தால் இன்னொருவருக்கும் தெரியும். இந்தக் கரையில் பிறந்த எல்லோரும் வாழ்நாளில் ஒரு முறையாவது அந்தப் பாலத்தைக் கடந்திருப்பார்கள். சத்தம் வளர்ந்துகொண்டே வந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் குரலுக்குச் சமமாக வந்துவிடும்.

வலது கை விசையை மேலே தள்ளினேன். கேசட்டில் தயாராக இருந்த பாட்டு நாதஸ்வரமும் தவிலுமாக முழுச் சத்தத்தோடு எழுந்தது. ஒரு கல்யாணப் பாட்டு. அந்த நேரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பாட்டு. இடது விசையைக் கீழே இறக்கினேன். ஒளிபரப்பில் அவள் குரல் போய்விட்டது. என் ஹெட்போனில் மட்டும் அவள் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தன்னுடைய பேச்சு வெளியே போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள்.

தொகுப்பாளப் பெண் எழுந்து வந்தாள். "ஏம்மா கட் பண்ணீங்க? பாவம்மா அது, அழுதுக்கிட்டே பேசுச்சு."

"ஒயர் லூசு" என்றேன். உண்மை இவளுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. "நீ இன்னைக்கு இத்தோட வீட்டுக்குப் போ. பின்பக்கப் படி வழியா எறங்கிப் போ."

அவள் போனதும் பாயை மேலே கூப்பிட்டேன். எங்கள் நிகழ்ச்சி முழுவதும் கேசட்டில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்தக் கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டேன். நான் விசையைத் தள்ளுவதற்கு முன்பே ரயில் சத்தம் மெலிதாக விழுந்திருந்தது. சும்மா கேட்டால் கவனிக்க மாட்டார்கள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால் பிடித்துவிடுவார்கள். அந்த இடத்தின் மேல் வேறு பாட்டைப் பதிவு செய்தேன். பாய் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கன இருக்குன்னு தெரிஞ்சுருச்சாக்கா?"

"பாம்பன்."

அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, நீங்க அவங்க ஆளு. ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டாக. எங்க கடை எரிஞ்சா நாளைக்கு அது வேற சண்டையா ஆகிப்போகும். ஊரே ரெண்டாகும்."

அவர் சொன்னது சரி. தெருவில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அவளுடைய அண்ணன்மார் இருவரும் முதலில் ஏறி வந்தார்கள். பின்னால் என் அண்ணன். இன்னும் சிலர் படியிலேயே நின்றார்கள். மூத்தவன் கையில் எதுவும் இல்லை. இளையவன் வேட்டி மடிப்பில் ஏதோ இருந்தது.

"போன் எங்கேருந்து வந்துச்சு?"

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. மணி அடிக்கும், எடுப்போம்."

"டேப்பு இருக்குல்ல? போடு."

போட்டேன். தொகுப்பாளப் பெண் சிரித்தாள், வணக்கம் சொன்னாள், அதற்கு மேல் பாட்டு. இளையவன் பக்கத்தில் இருந்த தொலைபேசியை ஒயரோடு பிடுங்கிச் சுவரில் அடித்தான். பிறகு பாயின் சட்டையைப் பிடித்தான். "ஏலே, நீதான் அழிச்சியா?"

"நான் கீழ கடையில இருந்தேன்யா" என்றார் பாய். அவர் கண் என் பக்கம் திரும்பவேயில்லை. அதை நான் இன்று வரை நினைத்துக்கொள்கிறேன்.

"அவர விடு. நான்தான் அழிச்சேன்" என்றேன். "நம்ம வீட்டுப் பிள்ளை அழுகிறத ஊர் முழுக்கப் போட்டுப் போட்டுக் கேக்கணுமா? அதனாலதான் அழிச்சேன்."

மூத்தவன் யோசித்தான். அதில் அவனுக்கு ஒரு நியாயம் தெரிந்திருக்க வேண்டும். அப்போது அதுவரை பேசாமல் நின்றிருந்த என் அண்ணன் முன்னால் வந்தார்.

சிறு வயதில் நாங்கள் காட்டில் நிற்கும்போது சாலையில் வருகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்து அது எந்த பஸ் என்று நான் சொல்லிவிடுவேன். அண்ணன் என்னை வைத்துப் பந்தயம் கட்டி மற்றப் பையன்களிடம் மாங்காய் வாங்கித் தின்றவர். என் காதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலண்ணே."

"கடல் சத்தமா? பஸ் ஸ்டாண்டா? கோயிலா? ஒனக்குத் தெரியாம இருக்காது."

"தெரியலண்ணே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்வையை எடுக்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இளையவன் வேட்டி மடிப்பில் இருந்தது பாயின் கழுத்துக்கு வந்திருக்கும், நான் சொல்லித்தான் ஆகியிருப்பேன்.

"இவளுக்குத் தெரியாதுப்பா" என்றார் அண்ணன், அவர்கள் பக்கம் திரும்பி. "வாங்க போவோம். இங்கன நின்னு என்ன ஆகப்போகுது?"

இறங்கிப் போனார்கள். ஆனால் ஒருவன் மட்டும் எதிர்க் கடை வாசலில் நின்றுகொண்டான். எங்கள் தொலைபேசி உடைந்து கிடந்தது. கூப்பிட்டது அவளாக இருந்தாலும் எங்கள் சேனல் வழியாக அவள் குரல் வெளியே வந்தாகிவிட்டது. அவள் தூரம் போகவில்லை என்று நினைத்து இனி ராமேஸ்வரம் சாலையிலும் தேடுவார்கள். அவளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. பாய் சட்டையைச் சரிசெய்துகொண்டு தொப்பியை எடுத்து மாட்டினார்.

"மஃரிபு தொழுதுட்டு வாரேன்கா" என்றார்.

என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதிர்க் கடை வாசலில் நின்றவன் அவரைப் பார்த்தான். தொழப் போகிற மனிதரைப் பின்தொடர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நான் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் அவ்வளவு அமைதியாக நான் உட்கார்ந்ததே இல்லை. கீழே ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அது எந்த வண்டி என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். பாய் திரும்பி வந்தவர் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கினார். மேலே பார்த்து, "வீட்டுக்குப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில்தான் விவரம் தெரிந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்யும் தன் மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார். மச்சான் பூத்துக்காரரிடம் விசாரித்து, பெண்ணும் பையனும் ஒரு மீனவர் வீட்டில் தங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, மதுரைக்குப் புறப்படத் தயாராக இருந்த கருவாட்டு லாரியில் இருவரையும் ஏற்றிவிட்டிருக்கிறார். மதுரைக்குப் போகிற வழி ராமநாதபுரம்தான். வேறு சாலை கிடையாது. கருவாட்டுச் சிப்பங்களுக்கு நடுவில் அவர்கள் படுத்திருக்க, லாரி அவளுடைய அண்ணன்மார் நின்ற இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறது. நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் இறங்கித் தார்ப்பாயை அவிழ்க்கப் போயிருக்கிறார். நாற்றம் தாங்காமல், போ போ என்று விட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது பாய் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

அன்றே அவளுடைய அண்ணன்மார் எங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஒயர்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். அந்த ஊர்களில் பாட்டு நின்றது. நகரத்திலும் கொஞ்ச காலம் தொலைபேசி அழைப்புகளை நிறுத்தி வெறும் பாட்டு மட்டும் போட்டோம். யார் படியேறி வந்தாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

அப்படி ஒரு பிற்பகலில் ஒரு பெரியவர் படியேறி வந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி வந்தார். அந்தப் பெண்ணின் தகப்பனார். தனியாக வந்திருந்தார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகன்கள் அனுப்பியிருக்கலாம். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"எங்கன இருக்கான்னு கேக்க வரல தாயி" என்றார். "அதச் சொல்லவும் வேணாம். எனக்குத் தெரிஞ்சா என் வாயில இருந்து பிடுங்கிருவாங்க."

"பெறகு என்ன பெரியய்யா?"

"அன்னைக்குப் பேசிக்கிட்டே இருந்தாள்ல, திடீர்னு மேளச் சத்தம் வந்து மறைச்சிருச்சு. அதுக்குப் பெறகு என்னமோ பேசியிருப்பா. வாய் ஓயாம பேசுற பிள்ளை அது. அவ என்ன சொன்னான்னு ஒனக்குக் கேட்டுச்சா?"

கேசட்டில் அது இல்லை. பாட்டின் சத்தத்தில் மறைந்ததும் என்னால் அழிந்ததும் போக எதுவும் மிச்சமில்லை. அந்த வார்த்தைகள் இருந்தது என்னிடம் மட்டும்தான். ஊரின் பெயரோ போகிற வழியோ அதில் இருக்கிறதா என்று ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இல்லை.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறத நிப்பாட்டிராதீகன்னு சொன்னா" என்றேன். "தானா விடத் தெரியாதாம் ஒங்களுக்கு. பாதி கன்னத்துல ஊத்திருவீகளாம். சின்ன அண்ணன விடச் சொல்லுங்க, அவனுக்குக் கை நடுங்காதுன்னா. ஆப்பரேசனுக்குப் பயந்துக்கிட்டு மதுரைக்குப் போகாம இருந்துராதீகன்னு சொன்னா. பெறகு, மருந்து கிருந்து குடிச்சுராதீக அய்யான்னு சொல்லி அழுதா. அவ்வளவுதான் பெரியய்யா."

வேட்டி மடிப்பில் ஆயுதம் வைத்திருந்த அந்தச் சின்ன அண்ணனைத்தான் கை நடுங்காதவன் என்று அவள் சொல்லியிருந்தாள். அதை அவரிடம் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூச்சி மருந்து வாங்கித்தான் வச்சிருந்தேன்" என்றார், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். படி வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கீழே பாய் ரிக்ஷா பிடித்து ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் சென்னைக்குப் போனேன். ஒரு நிறுவனம் பெரிய அளவில் பாட்டுச் சேனல் தொடங்கியது. எங்கள் மாடி அறையில் நடந்ததைப் பார்த்த ஒருவர்தான் என்னைச் சொல்லியிருந்தார். அங்கே நான் முதலில் கேட்டது, நேயரின் குரல் வெளியே போவதற்கு முன் நாங்கள் கேட்டுவிட ஒரு சிறிய தாமதம் வேண்டும் என்பது. போட்டிச் சேனல்கள் எல்லாமே அப்பட்டமான நேரலை என்று விளம்பரம் செய்த காலம். எங்களவர்களே என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பண்பலைக்கு மாறிய பிறகும் அந்தத் தாமதம் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியையும் போகவிட்டதில்லை. ஏன் என்று கேட்டால் சட்டச் சிக்கல் என்று சொல்லிவிடுவேன்.

அந்தப் பெண்ணும் பையனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பாய் சொன்னார். கண் ஆப்பரேசன் முடிந்த பிறகு பெரியவர், மதுரைக்குக் கண் காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவ்வப்போது அங்கே போய் வந்தாராம். மகன்களுக்கு அது தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அவள் மட்டும் ஊருக்குள் வரவேயில்லை. பெரியவர் இறந்தபோதும் வரவில்லை.

என் அண்ணன் அந்த மாலைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வீட்டு விசேஷங்களில் எதிரே வந்தாலும் தள்ளிப் போய்விடுவார். இரண்டாயிரத்து ஒன்பதில், நான் வேலையை விட்டு விலகிய வருடம், எங்கள் அம்மா இறந்துபோனாள். காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, பந்தல் பிரிக்கிற ஆட்களோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"அன்னைக்கு ஏண்ணே அப்படிச் சொன்னீக? எனக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "தெரியாதுன்னு நீதான சொன்ன?" என்றார். "நான் அதைத்தான் சொன்னேன்."

பத்து வருடத்துக்கு மேல் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. மூங்கிலின் ஒரு முனையை அவர் தூக்க, மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் இருந்தது. நான் போய்ப் பிடித்தேன். "பாத்து, சிராய் இருக்கும்" என்றார்.